பெயர்ச்சீட்டிலிருந்து தொடங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்: இன்று இயங்கிக்கொண்டிருக்கும் ஓவியர்களையும் சிற்பிகளையும் வடிவமைப்பாளர்களையும் தேடிக் கண்டடைவது பற்றி

கேள்வி: ஓவியம் பார்க்க மிகவும் பிடிக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த பெயர்கள் ரவிவர்மா, ஹுசைன், அதோடு வார இதழ்களில் படம் வரைந்தவர்கள், அவ்வளவுதான். இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் நல்ல கலைஞர்களை எங்கிருந்து தேட ஆரம்பிப்பது? இன்ஸ்டாகிராமில் தேடினால் ஒரே மாதிரிப் படங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

நீங்கள் எதன்மேல் அதிக நேரம் விரலை நிறுத்தினீர்களோ, அதைப் போன்றதையே அந்தச் செயலி மேலும் மேலும் எடுத்துத் தரும். ஏற்கெனவே பிடித்ததைப் பெருக்கித் தருவதுதான் அதன் வேலை. தெரியாததைக் காட்டுவது அதன் வேலையல்ல. அதனால் தேடலைப் படத்தில் ஆரம்பிக்காதீர்கள், ஒரு பெயரில் ஆரம்பியுங்கள்.

கண்காட்சியில் ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் ஒரு சிறு பெயர்ச்சீட்டு இருக்கும். கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா, உலோகமா என்பது), அளவு ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். அளவில் முதலில் வருவது உயரம். 24 × 36 அங்குலம் என்றால் உயரம் 24, அகலம் 36, அதாவது படுக்கைவாட்டுப் படம். ஒரு நோட்டில் இந்த ஐந்தையும் எழுதி, ஆறாவதாக ‘எங்கே பார்த்தேன், யாரோடு சேர்த்து வைத்திருந்தார்கள்’ என்றும் குறித்துவையுங்கள். இந்த ஆறாவது குறிப்புதான் பின்னால் கைகொடுக்கும்.

ஒரு பெயர் கையில் இருந்தால் அதிலிருந்து மூன்று வழிகள் பிரியும். அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? யாரோடு சேர்ந்து காட்சிக்கு வைத்தார்? அந்தக் கண்காட்சியைத் தொகுத்த க்யூரேட்டர் யார்?

சென்னையையே எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவானது. ஓவியர்கள் பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் அந்த நிலத்துக்குப் பணம் சேர்த்தார்கள். அங்குள்ள காட்சியகத்துக்குள் ஒருமுறை நிதானமாக நடந்தால் ஒரு தலைமுறையின் பெயர்களெல்லாம் கிடைத்துவிடும். பணிக்கர் முதல்வராக இருந்த சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் பெயரும் அங்கே அடிக்கடி வரும். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ், கே.எம். ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன், ட்ராட்ஸ்கி மருது, ஆர்.எம். பழனியப்பன், பெனிதா பெர்சியாள் என்று ஆசிரியரும் மாணவருமாக ஒரே கல்லூரியின் கொடி நீண்டு இன்றைய கலைஞர்களிடம் உங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். இவர்களில் ஒருவர் வரைந்தது இன்னொருவர் வரைந்ததைப் போல இருக்காது என்பதுதான் இதில் மகிழ்ச்சியான விஷயம்.

மூன்று வழிகளில் க்யூரேட்டர் வழிதான் மிக வேகமானது. ஒரு க்யூரேட்டரின் தேர்வு உங்களுக்கு ஒத்துப்போனால், அவர் முன்பு தொகுத்த கண்காட்சிகளின் பட்டியல் எல்லாமே உங்களுக்கு உதவும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியான கொச்சி பியனாலேவைக் கலைஞர்களே தொகுக்கிறார்கள். 2014இல் ஜித்திஷ் கல்லாட், 2016இல் சுதர்ஷன் ஷெட்டி, 2018இல் அனிதா துபே, 2022இல் ஷுபிகி ராவ். நான்கு பதிப்புகளின் கலைஞர் பட்டியலும் இணையத்தில் கிடைக்கும். நான்கும் நான்கு ரசனை. எந்தப் பட்டியலில் உங்கள் மனம் நிற்கிறது என்று பார்த்தாலே உங்கள் ரசனை உங்களுக்குப் பிடிபட ஆரம்பிக்கும்.

இன்ஸ்டாகிராமை விட்டுவிடச் சொல்லவில்லை. பெயர் தெரிந்த பிறகு அது நல்ல கருவி. கலைஞரின் பக்கத்தில் அவர் போட்ட படங்களைவிட, மற்றவர்கள் அவரை டேக் செய்த படங்கள் இருக்கும் பகுதியைத் திறந்து பாருங்கள். கண்காட்சிச் சுவரில் அந்தப் படைப்பு எவ்வளவு பெரிதாக நிற்கிறது, பக்கத்தில் யாருடைய படைப்பு என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அதன்பின் அவர் பின்தொடரும் கணக்குகளைப் பாருங்கள். ஓவியர்கள் பெரும்பாலும் ஓவியர்களைத்தான் பின்தொடர்வார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஆர்ட் காலரியே கிடையாது. வருடத்துக்கு இரண்டு முறை வெளியூர் போக முடியும். எப்போது, எங்கே போனால் பயன் அதிகம்?
– இல்லத்தரசி, காரைக்குடி

ஒரு பயணம் சென்னைக்கு, இன்னொன்று கொச்சிக்கோ பெங்களூருக்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் நகருக்குள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழையதையும் பார்த்துவிடுங்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்த கண்ணுக்கு, சோழமண்டலத்துச் சிற்பி நந்தகோபாலின் உலோகச் சிற்பம் வேறு மாதிரி பேசும். அங்கிருந்து கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையம். அங்கே கண்காட்சிக் கூடங்களோடு ஓவியம், சிற்பம், மண்பாண்டம், அச்சுக்கலை ஆகியவற்றுக்கான பட்டறைகளும் உண்டு. அனுமதி கேட்டுப் பட்டறைப் பக்கம் போனால் வேலை நடக்கும் விதத்தையே பார்க்கலாம். இரண்டாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை: முதலில் சோழமண்டலம், பிறகு அதே சாலையில் இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. பழைய வீடுகளைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். உள்ளேயே இருக்கும் வரிஜா காலரியில் இன்றைய கலைஞர்களின் கண்காட்சிகள் நடப்பது பலர் கண்ணில் படுவதே இல்லை.

இந்தத் திட்டம் பெரும்பாலும் கெடுவது விடுமுறை நாளால்தான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை. தனியார் காலரிகள் பல ஞாயிறு திறப்பதில்லை. ஒரு கண்காட்சியை இறக்கிவிட்டு அடுத்ததை ஏற்றும் இரண்டு மூன்று நாட்கள் கூடம் காலியாகவே இருக்கும். புதனும் வியாழனுமாகப் போங்கள், புறப்படும் முன் ஒரு போன் செய்து ‘இப்போது கண்காட்சி ஓடுகிறதா’ என்று கேட்டுவிடுங்கள்.

காலரிக்குள் நுழையக் கூச்சம் வேண்டாம். பெரும்பாலான காலரிகளில் நுழைவுக் கட்டணம் கிடையாது, வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மேசையில் விலைப்பட்டியல் இருக்கும். கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பெயர்ச்சீட்டின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது என்று பொருள். புகைப்படம் எடுக்க அனுமதி கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். படைப்பைப் படமெடுத்த கையோடு அதன் பெயர்ச்சீட்டையும் எடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாததால்தான் பலருடைய போனில் பெயரில்லாத ஓவியங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன.

கொச்சி–முசிரிஸ் பியனாலே முதன்முதலில் தொடங்கியது 2012 டிசம்பர் 12 அன்று. கொரோனாவால் 2020 பதிப்பு 2022க்குத் தள்ளிப்போனது. ஆறாவது பதிப்பை 2025 டிசம்பர் 12 முதல் 2026 மார்ச் 31 வரை என்று அறிவித்தார்கள். ஆரம்ப நாட்களில் சில அரங்குகள் தயாராகாமல் இருப்பதுண்டு. 2022இல் முதன்மை அரங்குகளின் திறப்பே டிசம்பர் 23க்குத் தள்ளிப்போனது. அதனால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரிக்குள் போவதுதான் நல்லது. மார்ச்சில் கொச்சிப் புழுக்கத்தில், அரங்குகளாக மாற்றிய பழைய கிடங்குகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடப்பது கடினம். இரண்டு முழு நாட்கள் வையுங்கள். முதல் நாள் காலையிலேயே மாணவர் பியனாலேவுக்குப் போய்விடுங்கள். 2014 முதல் நடக்கும் அதில் நாடெங்கும் உள்ள கவின் கலைக் கல்லூரி மாணவர்கள் பங்கேற்கிறார்கள். எல்லோரும் முதன்மை அரங்கில் களைத்துப்போய் இதைத் தவறவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்துப் பேசப்படப்போகும் பெயர்களை முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

பெங்களூரு என்றால் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சித்திரச் சந்தை. கர்நாடக சித்ரகலா பரிஷத் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குமாரகிருபா சாலையில் நடத்திவருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் தெருவோரத்தில் படங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். காலை எட்டரைக்கெல்லாம் அங்கே இருங்கள், பதினொன்றரைக்கு மேல் நடக்க இடமிருக்காது. முதல் சுற்றில் எதையும் வாங்காமல், நின்று பார்க்கத் தோன்றியவர்களின் கார்டை மட்டும் வாங்கிக்கொண்டு நடங்கள். அதன்பிறகு கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறந்த கலை, புகைப்பட அருங்காட்சியகமான ‘மேப்’, தேசிய நவீனக் கலைக்கூடம் இரண்டையும் பாருங்கள். இந்த இரண்டுமே திங்கட்கிழமை திறக்காது. சந்தை ஞாயிறு என்பதால் மறுநாள் திங்கள்தானே வரும். அதனால் செவ்வாய்வரை தங்கும்படி ரயில் டிக்கெட் எடுங்கள்.

இடையில் வரும் மாதங்களுக்கு, மேப் நடத்தும் ‘மேப் அகாடமி’ என்ற இணையக் கலைக்களஞ்சியம் இலவசம். ஹாங்காங்கிலிருந்து இயங்கும் ஆசியக் கலை ஆவணக்காப்பகத்தின் இணையத்தளத்தில் தெற்காசியக் கலை எழுத்துகளின் நூற்பட்டியல் இருக்கிறது. தமிழில் வந்த கட்டுரைகளின் விவரமும் அதில் உண்டு. உங்களுக்குக் கும்பகோணமும் எட்டாத தூரமல்ல. அங்குள்ள அரசு கவின் கலைக் கல்லூரியில் மாணவர் கண்காட்சி எப்போது என்று அலுவலகத்தில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒரு அற்புதமான ஓவியம் வந்தது. யார் வரைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா? இது கணினி உருவாக்கிய படமோ என்றும் சந்தேகம்.
– கணினிப் பயிற்றுநர், சேலம்

முதலில் படத்தின் ஓரத்தில் ‘குட் மார்னிங்’ போன்ற எழுத்துகள், சட்டம், நீர்முத்திரை இருந்தால் வெட்டிவிடுங்கள். அவை இருந்தால் தேடுபொறி அந்த வாழ்த்து அட்டையைத்தான் தேடும். வெட்டிய படத்தை கூகுள் லென்ஸில் போடுங்கள். பிறகு டின்ஐ தளத்தில் போட்டு, முடிவுகளை ‘மிகப் பழையது முதலில்’ என்று வரிசைப்படுத்துங்கள். முதன்முதலில் இணையத்தில் ஏறிய இடம் பெரும்பாலும் கலைஞருடைய பக்கமாகவோ காலரியின் பக்கமாகவோ இருக்கும். இரண்டிலும் கிடைக்கவில்லையென்றால் கீழ் மூலைகளில் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த மூலையை மட்டும் பெரிதாக்கித் தனியாகத் தேடுங்கள். பின்டரெஸ்ட் முடிவுகளில் நிற்காதீர்கள். அங்கே ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்து ஒட்டியிருப்பார், பெயர் வழியிலேயே உதிர்ந்திருக்கும். தவறான பெயர் ஒட்டிக்கொள்வதும் அங்கேதான்.

கணினிப் படமா என்று விரல் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யும் காலம் போய்விட்டது. அந்தப் படைப்புக்குப் படத்துக்கு வெளியே வாழ்க்கை இருக்கிறதா என்று பாருங்கள். ஊடகம், அளவு, ஆண்டு எங்காவது சொல்லப்பட்டிருக்கிறதா? சுவரில் மாட்டிய நிலையிலோ பக்கவாட்டிலிருந்தோ எடுத்த படம் உண்டா? வரைந்தவருக்குப் பழைய, கொஞ்சம் தடுமாறிய படைப்புகள் இருக்கின்றனவா? ஒரே மாதத்தில் இருநூறு முழுமையான படங்கள் மட்டும் இருந்து, பயிற்சிக் கோடு ஒன்றுகூட இல்லாத கணக்கை நம்ப வேண்டாம்.

கேள்வி: அரூப ஓவியங்களின் முன்னால் நின்றால் எனக்கு ஒன்றுமே புரிவதில்லை. நல்லவர் யார், சும்மா வண்ணம் பூசுபவர் யார் என்று எப்படிப் பிரித்தறிவது?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

ஒரே ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு கவிஞரை ஒரு வரியை வைத்து நீங்கள் எடைபோட மாட்டீர்கள் அல்லவா? ஒருவருடைய படைப்புகளில் குறைந்தது எட்டுப் பத்தாவது, வெவ்வேறு ஆண்டுகளில் செய்தவையாக, ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். எது விடாமல் திரும்ப வருகிறது, எதை அவர் கைவிட்டார், எந்த ஆண்டில் திருப்பம் நேர்ந்தது என்று கேளுங்கள்.

ஆதிமூலத்தை எடுங்கள். 1969ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் எல்லோருக்கும் புரியும். அந்தக் கோட்டின் வேகத்தையும் சிக்கனத்தையும் மனதில் வாங்கிக்கொண்டு, பின்னாளில் அவர் எண்ணெய் வண்ணத்தில் செய்த அரூப ஓவியங்களுக்கு வாருங்கள். உருவம் போய்விட்டது, நிலம்போல் விரியும் வண்ணப் பரப்பு வந்துவிட்டது. ஆனால் ஒரு பரப்பு இன்னொன்றைத் தொடும் விளிம்பைப் பாருங்கள். கோடு பழகிய கை அங்கே இருக்கிறது. உருவத்தை இத்தனை நன்றாக வரையத் தெரிந்தவர் அதை ஏன் விட்டார் என்ற கேள்வி எழும் இடத்தில் நீங்கள் அந்தப் படத்துக்குள் போய்விட்டீர்கள்.

தேவகோட்டையில் 1957இல் பிறந்த பழனியப்பன் முற்றிலும் வேறு வகை. உலோகத் தகட்டில் கோடுகளை அரித்து அச்சிடும் எட்சிங், கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃப் போன்ற அச்சுமுறைகளில் தேர்ந்தவர். அவர் படங்களில் வரைபடக் கோடுகளும் எண்களும் பறத்தலின் தடங்களும் வரும். ‘இது என்ன உருவம்’ என்று கேட்டால் அவை வாய் திறக்காது. ‘இந்தக் கோடு எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது’ என்று விரலால் காற்றில் தொடர்ந்து பாருங்கள், உடனே நகரத் தொடங்கும். சி. டக்ளஸிடம் கோட்டைவிடப் பரப்பு முக்கியம். கசங்கிய, மண்நிறம் ஏறிய தாள். அதில் ஒடுங்கிக் கிடக்கும் மனித உருவம். அதை போன் திரையில் பார்ப்பது வீண். தாளின் மடிப்பில் விழும் நிழலும் அந்தப் படத்தின் பகுதிதான். நேரில் பக்கவாட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும். பெனிதா பெர்சியாளின் சிற்பங்களுக்கு இதுவும் போதாது. கொச்சியில் 2014இல் அவர் வைத்த உருவங்கள் சாம்பிராணியும் வாசனைப் பொருள்களும் சேர்த்துச் செய்தவை. மூக்கும் வேலை செய்தால்தான் அந்தப் படைப்பு முழுமையாக வந்து சேரும்.

படத்தின் முன் நிற்கும்போது செய்ய வேண்டியது இது. மூன்று நிமிடம் நில்லுங்கள். மூன்று நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது, கைக்கடிகாரத்தைப் பாருங்கள். முதலில் பத்தடி தள்ளி, பிறகு ஒரு முழம் அருகில், பிறகு பக்கவாட்டில். பெயர்ச்சீட்டைக் கடைசியில் படியுங்கள். முதலிலேயே தலைப்பைப் படித்தால் கண் அதைத்தான் தேடும். கடைசியாக, படத்தில் எதை நீக்கினால் அது சரிந்துவிடும் என்று யோசியுங்கள். எதை நீக்கினாலும் ஒன்றும் ஆகாது என்று தோன்றினால், அந்தப் படத்தைப் பற்றி உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

கேள்வி: புகைப்படக் கலைஞர்களையும் இதே முறையில் தேடலாமா?
– மாணவி, விழுப்புரம்

தேடலாம். 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலேவின் பதிப்புகள் நல்ல வாசல். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் தொடர்ந்து படமெடுத்துவரும் பழனிகுமார், வாடிப்பட்டியிலிருந்து தன் குடும்பத்தையும் சாதியின் வலியையும் படமாக்கிய ஜெய்சிங் நாகேஸ்வரன் இருவரிலிருந்தும் ஆரம்பியுங்கள். பழனிகுமாரின் பல படக்கட்டுரைகள், கிராமப்புற வாழ்க்கையை ஆவணப்படுத்தும் ‘பாரி’ இணையத்தளத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன. ஒற்றைப் படமாகப் பார்க்காமல் தொடராக, அவர் அடுக்கிய வரிசையிலேயே பாருங்கள்.

கேள்வி: இலங்கையில் எங்களுக்கு எது வழி? தமிழ்ப் பெயர்கள் அதிகம் கண்ணில் படுவதில்லை.
– நூலக உதவியாளர், வவுனியா

தா. சனாதனன் பெயரிலிருந்து தொடங்குங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர். போரில் வீடிழந்தவர்கள் தங்கள் வீட்டை நினைவிலிருந்து வரைந்து கொடுத்த தரைப்படங்களைக் கொண்டு அவர் 2011இல் உருவாக்கிய நூல்வடிவப் படைப்பு, கலை எப்படி ஆவணமாகவும் இருக்க முடியும் என்பதற்கு இந்தப் பகுதியிலேயே மிக வலுவான சான்று. 2016இல் கொச்சியிலும் அவருடைய படைப்பு இடம்பெற்றது. அவரிடமிருந்து அவருடைய மாணவர்கள் பக்கம் போனால் வடக்கிலும் கிழக்கிலும் இயங்கும் இளையவர்கள் ஒவ்வொருவராகத் தெரியவருவார்கள்.

கொழும்பில் 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மும்மொழியிலும் விளக்கம் தருகிறது. பெயர்ச்சீட்டையும் குறிப்பையும் தமிழில் படிக்கக் கிடைப்பது பெரிய உதவி. 2013 முதல் நடக்கும் கொழும்புஸ்கோப் விழாவின் கலைஞர் பட்டியலையும் பாருங்கள்.

கேள்வி: வடிவமைப்பு படிக்கிறேன். எங்கள் வகுப்பில் காட்டுவதெல்லாம் ஐரோப்பிய வடிவமைப்பாளர்கள். தமிழில் வேலை செய்யும் வடிவமைப்பாளர்கள் யார், எங்கே தேடுவது?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

நீங்கள் தினமும் அவர்களுடைய வேலையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், பெயர்தான் கண்ணில் படவில்லை. கூகுள் எழுத்துருத் தளத்தில் மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பக்கத்திலும் வடிவமைத்தவர் பெயர் இருக்கும். ‘கட்டமரான்’ பிரியா ரவிச்சந்திரன் செய்தது. ஒன்பது தடிமன்களில் வருவதால் தலைப்புக்கும் உடலுக்கும் ஒரே குடும்பத்தையே பயன்படுத்தலாம். ‘பவனம்’, ‘கவிவாணர்’ இரண்டும் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கியவை. ‘பலூ தம்பி’ ஆதர்ஷ் ராஜன் செய்தது. ஆப்பிள் கருவிகளில் இருக்கும் ‘இணைமதி’, மலேசியாவின் முத்து நெடுமாறனுடையது. ஒரு பெயரைப் பிடித்தால் அவர் எழுதிய, பேசிய வடிவமைப்புக் குறிப்புகள் கிடைக்கும். அவற்றில் யாருக்கு நன்றி சொல்கிறார் என்று பாருங்கள், அடுத்த பெயர் அங்கே இருக்கும்.

எழுத்துருவை எடைபோட ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லைத் தட்டிப் பார்ப்பது போதாது. ஔவை, ஞாழல், நூறு, கூழ், ஜீவி, ஸ்ரீ என்று தட்டுங்கள். ‘ஞ’வும் ‘ஔ’வும் அகன்று பக்கத்து எழுத்தைத் தள்ளுகின்றனவா? ‘நூ’ எழுத்தின் கீழ்ச்சுழி அடுத்த வரியின் மெய்ப்புள்ளியில் இடிக்கிறதா? பத்துப் புள்ளி அளவில் அச்செடுத்து ஒரு பத்தி முழுக்கப் படித்துப் பாருங்கள். திரையில் அழகாக நிற்கும் பல எழுத்துருக்கள் தாளில் அந்த அளவில் கண்களை உறுத்தும். தமிழுக்கு ஆங்கிலத்தைவிட வரி இடைவெளி கூடுதலாக வேண்டும் என்பதையும் அப்போது கண்ணாலேயே உணர்வீர்கள்.

புத்தகம் இன்னொரு வாசல். தமிழ்நூல்களின் முதல் பக்கங்களில் ‘அட்டை வடிவமைப்பு’ என்றொரு வரி இருக்கும். நூலகத்தில் கடந்த பத்தாண்டு நூல்களில் ஐம்பதை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். சந்தோஷ் நாராயணன், ரோஹிணி மணி போன்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்போது ஒவ்வொருவருடைய கையும் அடையாளம் தெரிய ஆரம்பிக்கும். திருவான்மியூரில் உள்ள தாரா புக்ஸையும் போய்ப் பாருங்கள். 1994இல் தொடங்கிய பதிப்பகம். கையால் செய்த தாளில், ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாக ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஏற்றி, கையால் தைத்த நூல்களுக்குப் பெயர்பெற்றது. பஜ்ஜு ஷியாம் போன்ற, மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி ஓவியர்கள் உலகெங்கும் அறியப்பட்டதில் அந்த நூல்களுக்குப் பெரும் பங்குண்டு. ஒரு பக்கத்தை விரலால் தடவினால் மை ஏறிய இடம் மேடாகத் தட்டுப்படும்.

கேள்வி: ஒரு ஓவியரின் படைப்புகள் மிகவும் பிடித்துவிட்டன. அவருடைய பட்டறைக்குப் போய்ப் பார்க்க ஆசை. எப்படிக் கேட்பது? தொந்தரவாக இருக்காதா?
– செவிலியர், திருச்சி

சரியாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு அழைப்பார்கள். ‘உங்கள் படங்கள் சூப்பர்’ என்று அனுப்பினால் நன்றி என்ற பதிலோடு நின்றுவிடும். எந்தப் படைப்பை, எங்கே பார்த்தீர்கள், அதில் எது உங்களை நிறுத்தியது என்று எழுதுங்கள். இப்படி: ‘வணக்கம் சார். கிரீம்ஸ் சாலையில் நடந்த குழுக் கண்காட்சியில் உங்கள் மூன்று எட்சிங்குகளைப் பார்த்தேன். நடுவில் தாளை வெறுமையாக விட்டிருந்த இடம் மனதிலேயே நிற்கிறது. நான் வாங்குபவர் அல்ல, ரசிகை. அடுத்த மாதம் சென்னை வருகிறேன். உங்களுக்கு வசதியான ஒரு நாளில் அரை மணி நேரம் பட்டறையைப் பார்க்க அனுமதிப்பீர்களா?’ வாங்குபவர் அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

போனால் அரை மணிக்கு மேல் நீட்டாதீர்கள், அவராக நீட்டினால் இருங்கள். ஈரமான கேன்வாஸையும் அடுக்கிவைத்த தாள்களையும் தொடாதீர்கள். முடியாத வேலையைப் படமெடுத்துப் போடாதீர்கள். இது பலர் செய்யும் பிழை, அடுத்தமுறை கதவு திறக்காமல் போவதற்கும் இதுவே காரணம். கிளம்பும்போது ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: ‘இப்போது யாருடைய வேலையை நீங்கள் ஆர்வமாகக் கவனிக்கிறீர்கள்?’ அவர் சொல்லும் இரண்டு மூன்று பெயர்களில் நீங்கள் கேள்விப்படாத ஒன்றாவது இருக்கும்.

கேள்வி: ஐயாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு அசல் படைப்பு வாங்க முடியுமா? ஏமாறாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும்?
– தையற்கலைஞர், ஈரோடு

முடியும். இளம் கலைஞரின் அச்சோவியத்தைத் தேடுங்கள். மரக்கட்டை அச்சு, லினோகட், எட்சிங், செரிகிராஃப் இவையெல்லாம் ஒரே படத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கையால் அச்சிடுபவை. ஒவ்வொரு தாளும் அசல்தான், ஆனால் பல பிரதிகள் இருப்பதால் விலை குறைவு. மாணவர் கண்காட்சிகளிலும் சித்திரச் சந்தையிலும் உங்கள் தொகைக்குள் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு.

படத்துக்குக் கீழே தாளின் விளிம்பில் பென்சிலால் எழுதியிருப்பதைப் பாருங்கள். வழக்கமாக இடப்பக்கம் 3/25 என்பதுபோல் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையொப்பமும் ஆண்டும். 25 பிரதிகளில் இது மூன்றாவது. ‘ஏ.பி.’ என்றிருந்தால் கலைஞர் தனக்காக எடுத்துக்கொண்ட பிரதி. எட்சிங் என்றால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் இருக்கும், விரலுக்குத் தட்டுப்படும். நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸால் பாருங்கள். வண்ணமெல்லாம் சீரான நுண்புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு. சிலர் இங்க்ஜெட் பிரதியை ‘ஜிக்ளே’ என்ற பெயரில் விற்பார்கள். வாங்கலாம், தவறில்லை. ஆனால் அது ஓவியத்தின் நகல், அதற்குரிய விலைதான் தர வேண்டும். ரசீதில் கலைஞர் பெயர், தலைப்பு, ஊடகம், ஆண்டு, பிரதி எண் அத்தனையும் எழுதி வாங்குங்கள்.

ஐயாயிரத்தில் ஃபிரேமுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள், பாதிப் படங்கள் கெடுவது அங்கேதான். லேமினேஷன் கூடவே கூடாது, அதைத் திரும்ப எடுக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம், பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். அமிலமில்லாத மவுன்ட் போர்டு கேளுங்கள். தாளின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய தாள் கீல் போட்டு, மாவுப் பசையால் தொங்கவிடச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரப்பதத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலையலையாக எழும்பிவிடும். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. தொட்டால் மழைக்காலத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரையும் நேர்வெயில் விழும் இடத்தையும் தவிருங்கள். ஃபிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடும், பூஞ்சை பிடிக்காது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கித் தாளில் பழுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஃபிரேம் கடையில் பின் அட்டையை மூடும் முன், கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, வாங்கிய இடம் ஆறையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்து, அட்டையின் வெளிப்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.